சிரித்தவரும் சினந்தவரும்
நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோமின் வாழ்வு

பி.எஸ்ஸி. (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

பயண நூல்களை இரு வகையாகப் பிரிக்கலாம். சென்ற ஊரின் சிறப்பைச் சொல்வன ஒரு வகை. சென்றவர் பட்ட பாட்டைச் சொல்வன மற்றொரு வகை. முதல் வகை நூலைப் படித்தவர்கள் பயனுள்ள நூல் என்று கூறி அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதைப் பற்றிச் சண்டை எழுவதில்லை. இரண்டாம் வகை நூல் அப்படியன்று. அதைப் படித்து ஒருவர் வயிறு புண்ணாகச் சிரிப்பார். அடுத்தவர், இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார். மூன்றாமவர், ஊரைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்று குறைப்படுவார்.

ஆங்கில நாட்டு மக்களை இவ்வாறு அணி அணியாகப் பிரித்த நூல் ஒன்று 1889ஆம் ஆண்டில் வெளிவந்தது. படகில் மூவர் என்பது அதன் பெயர். மூவரோடு ஒரு நாயும் உண்டு. எழுதியவர் ஜெரோம் கே. ஜெரோம். மக்கள் அந்நூலைக் கொண்டாடினார்கள். பெரிய இதழ்கள் அதைச் சாடின. ஏன் சாடின என்று பார்த்தால், அந்தச் சண்டை நகைச்சுவையைப் பற்றிய சண்டை மட்டும் அன்று என்பது விளங்கும். அதை விளங்கிக்கொள்ள அவருடைய வாழ்வை முதலில் அறிய வேண்டும்.

பிறப்பும் வறுமையும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள வால்சால் என்னும் ஊரில் 1859ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் ஜெரோம் பிறந்தார். பெற்றோருக்கு அவர் நான்காவது குழந்தை, கடைக்குட்டி. தந்தையார் இரும்புச் சாமான் வணிகர்; சமயச் சொற்பொழிவு ஆற்றுவதிலும் ஈடுபாடு உடையவர். கையில் இருந்த பணத்தை அவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலில் போட்டார். தொழில் கையைக் கடித்தது. வசதியாக வாழ்ந்த குடும்பம் நொடித்துப்போய், இலண்டன் நகரின் கிழக்கே துறைமுகத்தை ஒட்டிய பாப்லர் பகுதியில் குடியேறியது. ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. கடன்காரர்கள் வந்து கதவைத் தட்டுவது அந்த வீட்டில் வழக்கமாயிற்று.

சிறுவன் ஜெரோம் தொலைவில் மேரிலபோன் பகுதியில் இருந்த பள்ளிக்குச் சென்று படித்தான். அரசியலில் ஈடுபட வேண்டும், அல்லது எழுத்தாளன் ஆக வேண்டும் என்பது அவனது ஆசை. ஒருநாள் மாலை விக்டோரியா பூங்காவில் பெரியவர் ஒருவர் அவனோடு இலக்கியம் பற்றி நெடுநேரம் பேசினாராம். அவர் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸாகவே இருக்க வேண்டும் என்று ஜெரோம் தம் முதுமை வரை நம்பினார்.

ஆனால் ஆசைக்கு விதி இடம் கொடுக்கவில்லை. பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். பதினைந்தாம் வயதில் தாயையும் இழந்தார். பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது. வயிற்றுப்பாட்டுக்காக இலண்டன் வடமேற்கு இரயில்வேக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, நான்கு ஆண்டுகள் குமாஸ்தாவாகக் காலம் தள்ளினார். கல்லூரி வாசலை அவர் மிதித்ததே இல்லை.

நாடகமும் நாடோடி வாழ்வும்

அவருடைய தமக்கையார் ஒருவருக்கு நாடகத்தில் ஆர்வம் மிகுதி. அந்த ஆர்வம் தம்பியையும் தொற்றிக்கொண்டது. 1877இல் வேறொரு பெயரைச் சூட்டிக்கொண்டு ஜெரோம் மேடை ஏறினார். அவர் சேர்ந்தவை பணம் இல்லாத நாடகக் குழுக்கள். நடிகர்களே தங்கள் உடைகளை வாங்கிக்கொள்ள வேண்டும். கூலி சில நாள் கிடைக்கும். பல நாள் கிடைக்காது. ஊர் ஊராக அலைந்து மூன்று ஆண்டுகள் நடித்தார். இருபத்தொன்றாம் வயதில் கையில் காசு இல்லாமல் நாடகத்தை விட்டார்.

பிறகு செய்தியாளர் ஆக முயன்றார். கதைகளும் கட்டுரைகளும் எழுதி இதழ்களுக்கு அனுப்பினார். அனுப்பியவற்றில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. பள்ளி ஆசிரியராக இருந்தார். மூட்டை கட்டும் வேலை பார்த்தார். வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்தார். எந்த வேலையும் அவரிடம் நிலைக்கவில்லை, எழுதும் வேலை ஒன்றைத் தவிர.

தாம் பட்ட துன்பங்களையே சிரிப்பாக மாற்றலாம் என்ற உண்மையை அவர் இந்த நாட்களில்தான் கண்டுகொண்டார். நாடக மேடையில் பட்ட அல்லலை வைத்து 1885இல் ஒரு நூலை வெளியிட்டார். மக்கள் விரும்பிப் படித்தார்கள். அடுத்த ஆண்டே சோம்பேறி ஒருவனின் சிந்தனைகள் என்ற பொருளில் ஒரு கட்டுரைத் தொகுதி வந்தது. நூல்களைப் பெரிய மனிதர்களுக்குக் காணிக்கையாக்குவது வழக்கம். ஜெரோமோ அந்நூலைத் தம் புகைக்குழாய்க்குக் காணிக்கையாக்கினார். இவர் எத்தகைய எழுத்தாளர் என்பதற்கு இந்த ஒரு செய்தி போதும்.

ஆற்றில் பிறந்த நூல்

1888ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெரோமுக்குத் திருமணம் நடந்தது. மணமக்கள் தேனிலவைத் தேம்ஸ் ஆற்றில் ஒரு சிறு படகில் கழித்தார்கள். திரும்பி வந்ததும் ஜெரோம் எழுத அமர்ந்தார். அப்போது அவர் எழுத நினைத்தது நகைச்சுவை நூல் அன்று. தேம்ஸ் ஆற்றின் கரையில் உள்ள ஊர்கள், கோட்டைகள், அரசர் வரலாறுகள் ஆகியவற்றை விளக்கும் பயன்மிக்க வழிகாட்டி நூல் ஒன்றையே எழுதத் திட்டமிட்டார். இடையிடையே வாசகர் இளைப்பாறச் சிறிது சிரிப்பு இருக்கட்டும் என்பது மட்டுமே அவர் எண்ணம்.

ஆனால் எழுத எழுதச் சிரிப்பு ஓங்கியது, வரலாறு ஒதுங்கியது. அதனை வெளியிட்ட மாத இதழின் ஆசிரியர் ராபின்சன் என்பவர், எஞ்சி இருந்த வரலாற்றுப் பகுதிகளிலும் பெரும்பாலானவற்றை வெட்டி எறிந்தார். நமக்குக் கிடைத்திருப்பது வெட்டுப்பட்டு மிஞ்சிய நூல்தான்.

கதையில் மனைவிக்கு இடமில்லை. மாறாக, ஜெரோமின் நண்பர் இருவர் படகில் ஏறிக்கொண்டார்கள். ஒருவர் வங்கி ஊழியர் ஜார்ஜ் விங்கிரேவ். மற்றவர் அச்சுத் தொழிலில் இருந்த கார்ல் ஹென்ட்ஷெல். நூலில் அவர் பெயர் ஹாரிஸ். மோன்ட்மோரன்சி என்ற நாய் மட்டும் முழுக்க முழுக்கக் கற்பனை. கிங்ஸ்டன் என்னும் ஊரிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வரை ஆற்றை எதிர்த்துச் செல்வதும் திரும்புவதும்தான் கதை.

அந்தப் பயணத்தில் பெரிய நிகழ்ச்சி எதுவும் நடைபெறவில்லை. மூவரும் பெட்டி கட்டுகிறார்கள். கட்டி முடித்த பிறகு காலணியை உள்ளே வைக்க மறந்தது நினைவுக்கு வருகிறது. ஆற்றங்கரையில் அன்னாசிப்பழ டின் ஒன்றை எடுக்கிறார்கள்; அதைத் திறக்கும் கருவியைக் காணோம். கத்தியால் குத்தி, கல்லால் அடித்து, பாய்மரக் கம்பத்தாலும் மொத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் டின்னை ஆற்றில் வீசுகிறார்கள். வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டுவதற்காகக் குடும்பம் முழுவதையும் ஆட்டிவைக்கும் பாட்ஜர் மாமாவின் கதை நடுவே வருகிறது. மருத்துவ நூல் ஒன்றைப் புரட்டிப் பார்த்து, ஒரே ஒரு நோய் நீங்கலாக அத்தனை நோயும் தனக்கு இருப்பதாக முடிவு செய்பவன் கதையும் உண்டு.

இயற்பியல் மாணவர்களாகிய நாம் தவறவிடக் கூடாத பகுதி பாரமானியைப் பற்றியது. ஆக்ஸ்ஃபோர்டு விடுதி ஒன்றில் தொங்கும் பாரமானி நல்ல வானிலை என்று காட்டுகிறது. வெளியே மழை கொட்டுகிறது. கதை சொல்பவர் அதைத் தட்டிப் பார்க்கிறார். முள் மேலும் ஏறி மிக வறண்ட வானிலை என்று காட்டுகிறது. மழை வலுக்க வலுக்க முள்ளும் ஏறுகிறது. ஆறு கரைபுரண்டு ஊரின் தாழ்ந்த பகுதி மூழ்கிய பின்பும் பாரமானி தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆய்வகத்தில் ஒரு முறையேனும் பிழையான அளவோடு மல்லுக்கட்டியவர்கள் இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது.

முடிவில் மூவரும் மழைக்குத் தோற்றுப் பாங்போர்ன் என்ற ஊரில் படகை விட்டுவிட்டு இரயிலேறி இலண்டனுக்கு ஓடிவந்து, வயிறாரச் சாப்பிடுகிறார்கள். நாயும் அதற்கு உடன்படுகிறது. இவ்வளவுதான் நூல்.

எழுந்த எதிர்ப்பு

நூல் 1889இல் பிரிஸ்டல் நகரிலிருந்து வெளிவந்தது. வெளியிட்டவர் ஆரோஸ்மித் என்ற பதிப்பாளர். விற்பனை தொடங்கிய நாள் முதல் அது நிற்கவே இல்லை. இவ்வளவு நூல்களும் எங்கேதான் போகின்றன, மக்கள் இவற்றைத் தின்றுவிடுகிறார்களோ என்று அந்தப் பதிப்பாளர் வேடிக்கையாக வியந்தாராம்.

விமர்சகர்கள் வேறு விதமாகப் பேசினார்கள். அவர்கள் சொன்ன குறைகளைப் பொறுமையாகக் கேட்போம். நூலில் தெருப்பேச்சு மிகுதி என்றார்கள். ஒன்றைச் சொல்லத் தொடங்கி வேறொன்றுக்குத் தாவிவிடுகிறார் என்றார்கள். சிரிப்பு மூட்டிக்கொண்டே வந்தவர் திடீரென நிலவையும் ஆற்றையும் உருகி உருகிப் பாடுகிறாரே என்றார்கள். இவை ஒவ்வொன்றும் வாதிடத்தக்க குறையே. இன்று படிப்பவர்களிலும் இவற்றைச் சொல்பவர் உண்டு.

ஆனால் அவர்கள் இவற்றோடு நிற்கவில்லை. பஞ்ச் என்ற நகைச்சுவை இதழ் ஜெரோமுக்கு ஆரி கே. ஆரி என்று பெயர் சூட்டியது. இதன் உட்பொருளை அறிய வேண்டும். இலண்டன் நகரத்து எளிய மக்கள் பேசும்போது சொல்லின் தொடக்கத்தில் வரும் ஹகர ஒலியை விழுங்கிவிடுவார்கள். ஹாரி என்ற பெயர் அவர்கள் வாயில் ஆரி ஆகும். ஆகவே ஆரி என்றால் நாகரிகம் தெரியாத தெருப்பையன் என்று பொருள். நம் ஊரில் வாழைப்பழத்தை வாளப்பளம் என்று சொன்னவனைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திச் சிரிப்பது போன்ற கேலி இது. நூல் எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எழுதியவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்பதைப் பார்த்த கேலி.

ஸ்டாண்டர்ட் என்ற நாளிதழ் ஜெரோமை ஆங்கில இலக்கியத்துக்கே ஓர் ஆபத்து என்று கருதியது. மார்னிங் போஸ்ட் என்ற நாளிதழ் இன்னும் ஒருபடி மேலே சென்றது. கீழ்த்தட்டு மக்களுக்கு அளவுக்கு மீறிக் கல்வி கொடுத்தால் என்ன தீமை விளையும் என்பதற்கு இவர் ஓர் எடுத்துக்காட்டு என்ற கருத்தை அது வெளியிட்டதாக ஜெரோம் தம் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார்.

அந்தக் கோபத்தின் வேர்

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? 1870ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறியது. ஊர்தோறும் கல்விக் குழுக்கள் அமைந்தன, பள்ளிகள் பெருகின. 1880இல் சிறுவர்கள் பள்ளிக்குச் செல்வது கட்டாயம் ஆயிற்று. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்று அலுவலகக் குமாஸ்தாக்களாகவும் கடைச் சிப்பந்திகளாகவும் ஆனார்கள். வாரம் முழுவதும் பேரேட்டில் தலை கவிழ்ந்திருந்தவர்கள் விடுமுறை நாளில் இரயிலேறித் தேம்ஸ் கரைக்குப் போனார்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் படகு வாடகைக்கு எடுத்தார்கள். படிக்கத் தெரிந்த அவர்களுக்குத் தங்களைப் பற்றிய நூல் ஒன்று தேவைப்பட்டது.

அதுவரை பயண நூல் என்பது பெரும்பாலும் வசதி உடையவர்களின் உடைமையாக இருந்தது. மாதக்கணக்கில் வெளிநாட்டில் தங்கியவர்கள் ஓவியக் கூடங்களையும் பழைய கோயில்களையும் பற்றி எழுதினார்கள். ஜெரோமின் மூவரோ வீட்டுக்கு அருகில் உள்ள ஆற்றில் இரண்டு வாரம் போகிறவர்கள். கூடாரம் கட்டத் தெரியாதவர்கள். தம் கையாலாகாத்தனத்தைத் தாமே சொல்லிச் சிரிப்பவர்கள். வங்கியிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்கள் அந்நூலில் தங்கள் முகத்தைக் கண்டார்கள். தங்கள் பேச்சைக் கேட்டார்கள். அவர்கள் அதை வாங்கியதில் வியப்பில்லை. அவர்கள் வாங்கிப் படிக்கிறார்களே என்பதுதான் சிலருக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே மார்னிங் போஸ்ட் இதழின் அந்தக் கருத்தை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேடிக்கை நிறைந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் என்னால் சிரிக்க முடியாத இடம் அதுதான். யாருக்குக் கல்வி போதும், யாருக்குக் கல்வி மிகுதி என்று அளந்து பார்ப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள் போலும்.

வாசகர் மூவர்

இதற்காக, அந்நூலை விரும்பாதவர்கள் எல்லோரும் தீயவர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. எங்கள் விடுதி அறையில் மூவர் அந்நூலைப் படித்தோம். மூவருக்கும் மூன்று கருத்து.

ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர், பாட்ஜர் மாமா படம் மாட்டும் இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் ஊரில் அப்படி ஒரு பெரியப்பா இருக்கிறாராம். இது வெறும் வேடிக்கை அன்று, மனித இயல்பின் படம் என்பது அவர் கருத்து.

வரலாறு பயிலும் நண்பருக்கு நூல் பிடிக்கவில்லை. மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம் பிறந்த ரன்னிமீடு வழியாகப் படகு செல்கிறது. ஹாம்ப்டன் அரண்மனையின் ஓரமாகவும் செல்கிறது. அரண்மனையைப் பற்றி எழுத வேண்டியவர், அங்குள்ள செடிப்புதிரில் ஹாரிஸ் வழி தெரியாமல் சுற்றியதை எழுதிக்கொண்டிருக்கிறாரே என்று அவர் கேட்டார். பயண நூல் என்றால் படித்து முடித்தவனுக்கு ஊர் தெரிய வேண்டும் என்பது அவர் வாதம். ராபின்சன் வெட்டி எறிந்த பக்கங்கள் இவர் போன்ற வாசகருக்காகவே எழுதப்பட்டவை என்று நான் சொன்னேன்.

எனக்கு நூலில் ஆழமாகப் பதிந்தது சிரிப்புப் பகுதி அன்று. கோரிங் என்ற இடத்துக்கு அருகில் ஆற்றில் ஒரு பெண்ணின் உடல் மிதந்து வருகிறது. கைவிடப்பட்டு, வறுமையில் வாடி, ஆற்றில் முடிவைத் தேடிக்கொண்டவள் அவள். சிரிக்க வந்த இடத்தில் இது எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. பாப்லர் தெருக்களில் வளர்ந்த ஒருவரால் அழகான ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டு போக முடியவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

மூவர் கருத்தும் மாறுபட்டன; ஆனால் மூவரும் நூலைப் பற்றித்தான் பேசினோம். ஒருவர் நூலில் எதைத் தேடி வருகிறாரோ அதைப் பொறுத்து அவர் கருத்து அமைகிறது. இது இயற்கை. நகைச்சுவையில் இது இன்னும் மிகுதி. துன்பத்தைக் கண்டு எல்லோரும் ஒன்றுபோல் வருந்துவோம். சிரிப்பு மட்டும் அவரவர் வளர்ந்த வீட்டையும் பழகிய மனிதரையும் பொறுத்தே வருகிறது.

புகழும் பொருளிழப்பும்

பழிப்புரைகள் நூலின் விற்பனையைத் தடுக்கவில்லை. இங்கிலாந்தில் இருபது ஆண்டுகளில் இரண்டு இலட்சம் படிகளுக்கு மேல் விற்றன. அமெரிக்காவில் இதனினும் பன்மடங்கு விற்றது. ஆனால் அயல்நாட்டு எழுத்தாளருக்கு அப்போது அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை. 1891இல்தான் அதற்குச் சட்டம் வந்தது. ஆகவே அமெரிக்காவில் அச்சிட்டவர்கள் பொருள் சேர்த்தார்கள். எழுதியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

1892இல் ஜெரோம் ஐட்லர் என்ற மாத இதழுக்கு ஆசிரியர்களுள் ஒருவரானார். அமெரிக்க நகைச்சுவை மேதை மார்க் ட்வெயினின் தொடர்கதை அதில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு டுடே என்ற வார இதழைத் தாமே தொடங்கினார். அதில் வந்த ஒரு கட்டுரைக்காகத் தொழிலதிபர் ஒருவர் அவதூறு வழக்குத் தொடுத்தார். வழக்கு நீண்டது. இறுதியில் நீதிமன்றம் விதித்த இழப்பீடு ஒரே ஒரு ஃபார்த்திங்; நம் பழைய காலணா போன்ற சிறு காசு. ஆனால் வழக்குச் செலவு அவரைக் கவிழ்த்துவிட்டது. இரண்டு இதழ்களையும் அவர் கைவிட வேண்டியதாயிற்று.

மீண்டும் மூவர்

பின்னர் அவர் குடும்பத்தோடு ஜெர்மனி சென்று சில காலம் வாழ்ந்தார். அதன் பயனாக 1900இல் மற்றொரு பயண நூல் பிறந்தது. அதே மூவர் இம்முறை மிதிவண்டிகளில் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியைச் சுற்றுகிறார்கள். இந்த நூலும் வாசகர்களைப் பிரித்தது. முதல் நூலில் ஆறு ஒரு நூலாக நின்று எல்லாவற்றையும் கோத்தது. இதில் கோக்கும் நூல் இல்லை. கதைகள் சிதறிக் கிடக்கின்றன என்று பலர் கருதினார்கள். மனைவி வண்டியிலிருந்து இறங்கியது தெரியாமல் தனியே மிதித்துக்கொண்டு போகும் ஹாரிஸின் கதை போல முதல் நூலிலேயே இல்லை என்று வேறு சிலர் வாதிட்டார்கள்.

இந்நூலில் ஒரு வேறுபாடும் உண்டு. முதல் நூலில் ஜெரோம் தம்மைப் பார்த்துச் சிரித்தார். இதில் அயல்நாட்டாரைப் பார்த்தும் சிரிக்கிறார். எதற்கெடுத்தாலும் தடை அறிவிப்பு வைக்கும் ஒழுங்கையும், சீருடை அணிந்தவர் யார் என்றாலும் பணிந்துவிடும் இயல்பையும் கேலி செய்கிறார். நகைச்சுவைப் பயண நூலில் வழுக்கும் இடம் இதுதான். பிறரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு எளிதில் இளக்காரம் ஆகிவிடும். ஆனால் ஜெர்மானியர்கள் சினம் கொள்ளவில்லை. தங்கள் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க இந்நூலையே பாடமாக வைத்தார்கள். அந்தக் கேலியில் பகை இல்லை, பழகியவனின் உரிமைதான் இருக்கிறது என்று அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

சிரிப்பு எழுத்தாளர் என்ற முத்திரை ஜெரோமை விடவில்லை. 1908இல் ஒரு விடுதிக்கு வந்து தங்கும் அமைதியான மனிதர், அங்குள்ளோர் மனத்தையெல்லாம் தூய்மையாக்கிச் செல்வதை அவர் நாடகமாக்கினார். மாக்ஸ் பீர்போம் போன்ற விமர்சகர்கள் அதைக் கடுமையாகத் தாக்கினார்கள். மக்களோ அரங்கை நிறைத்தார்கள். அப்போதும் அதே கதைதான்.

இறுதிப் பயணம்

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ஜெரோமுக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. படையில் சேரச் சென்றவரை வயதைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அவர் விடவில்லை. பிரெஞ்சுப் படையின் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டுநராகச் சேர்ந்து, காயமுற்ற வீரர்களைச் சுமந்து சென்றார். போரின் கொடுமையை நேரில் கண்டு மனம் கசந்து திரும்பினார். ஆரி என்று கேலி செய்யப்பட்டவர், தேவை வந்தபோது ஒதுங்கி நிற்கவில்லை.

1926இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதில் பழைய விமர்சகர்களைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் வசைபாடவில்லை. வேடிக்கையாகவே கடந்து செல்கிறார். 1927இல் பிறந்த ஊரான வால்சால் அவருக்கு நகரின் உயரிய சிறப்பை அளித்து மகிழ்ந்தது. கடனுக்கு அஞ்சிக் குடிபெயர்ந்த குடும்பத்தின் கடைக்குட்டி, மாலை மரியாதையோடு அந்த ஊருக்குள் திரும்பி வந்தார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் காரில் பயணம் செய்துகொண்டிருந்தபோது வழியில் நோயுற்று, நார்தாம்ப்டன் நகர மருத்துவமனையில் 14ஆம் நாள் காலமானார். பயணத்தால் புகழ் பெற்றவரின் முடிவும் பயணத்திலேயே நேர்ந்தது. அவரது சாம்பல், தேம்ஸ் ஆற்றுக்கு அருகில் உள்ள யூவெல்ம் என்ற சிற்றூரின் தேவாலய வளாகத்தில் புதைக்கப்பட்டது.

காலத்தின் தீர்ப்பு

ஜெரோமைத் தாக்கிய இதழ்களில் பல இன்று இல்லை. ஸ்டாண்டர்ட், மார்னிங் போஸ்ட் என்ற பெயர்களை அறிந்தவர்களே குறைவு. படகில் மூவர் நூலோ 1889 முதல் இன்று வரை அச்சில் இருக்கிறது. உலக மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டுள்ளது. இரஷ்ய மக்களுக்கு அது மிகவும் விருப்பமான நூல். 1979இல் சோவியத் நாட்டுத் தொலைக்காட்சிக்காக அதைப் படமாகவே எடுத்தார்கள். நம் நாட்டிலும் மத்தியப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் அவர்கள் பெட்டி கட்டிய கதை பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. குமாஸ்தாக்களின் நூல் என்று இகழப்பட்டது வகுப்பறைக்குள் பாடநூலாகவே நுழைந்துவிட்டது.

விற்பனை மிகுதி என்பதனாலேயே ஒரு நூல் சிறந்தது ஆகிவிடாது. விமர்சகர் குறை சொல்வது தவறும் அன்று. தாவித் தாவிச் செல்கிறது, ஊரைச் சொல்லவில்லை, சிரிப்பு வரவில்லை என்று யாரும் சொல்லலாம். அவை நூலைப் பற்றிய கருத்துகள். அவற்றுக்கு மறுமொழி சொல்லலாம், மாற்றியும் கொள்ளலாம். ஆனால் இதைப் படிப்பவன் யார், இவனுக்கு எதற்குப் படிப்பு என்று கேட்பது கருத்து அன்று, இளக்காரம். அதற்கு மறுமொழி சொல்வதால் பயனில்லை. தொடர்ந்து படிப்பதும் தொடர்ந்து எழுதுவதுமே அதற்கு மறுமொழி. ஜெரோம் அதைத்தான் செய்தார்.

நம் கல்லூரி நூலகத்திலும் நகைச்சுவைப் பயண நூல்கள் இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு நாம் சண்டை போடுவோம். நன்றாகச் சண்டை போடுவோம். ஒருவர் சிரித்த இடத்தில் மற்றவர் சிரிக்காததற்குக் காரணம் கேட்போம். ஆனால் பக்கத்து இருக்கையில் இருப்பவன் எதைப் படித்துச் சிரிக்கிறான் என்பதைக் கொண்டு அவனை எடை போடாதிருப்போம்.